சாம்பல் வீட்டு வாசல்

தேங்காய் விலை இருநூறு ரூபாயைத் தாண்டிய மாதத்தில், இலங்கைத்துறைப் பாக்கியரத்தினத்தின் வீட்டு முன்வாசல் ஒரு சாண் ஒடுங்கியது. அதற்கு முந்திய மாதம் நடு அறையின் யன்னல் முற்றாக மூடிக்கொண்டிருந்தது. யன்னல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது, அவ்வளவுதான். ஒட்டுப்போட்ட அடையாளம்கூட இல்லை. சுவர் நெருக்கி வெளியே துப்பிய மரச்சட்டமும் கம்பிகளும் முற்றத்தில் கிடந்தன; பாக்கியரத்தினம் அவற்றைப் பொறுக்கிக் கோழிக்கூட்டுக்குக் கட்டினாள். ஊரில் ஒருவரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. கடலும் சண்டையும் மாறிமாறி விரட்டியடித்த ஊர் அது. மேடை போட்டுப் பேசியவர்களின் வாக்குறுதிகளையே நம்பிப் பழகிய சனம், ஒரு சுவர் வளர்ந்ததையா நம்பாது? சுவர் வளருதாம் என்று சொல்லிவிட்டு வலை உதறப் போய்விட்டார்கள். பாக்கியரத்தினத்துக்கும் ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதுவும் வீட்டின்மேல் அல்ல, அதைக் கட்டித் தந்த படித்த கூட்டத்தின்மேல்.

அவளுக்கு இது மூன்றாவது வீடு. கடல் கொண்டுபோன குடிசைக்குப் பதிலாக முதலாவது வீட்டை ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கட்டிக் கொடுத்தது. கொந்தராத்துக்காரன் கடற்கரை மணலை அப்படியே அள்ளிச் சீமெந்தோடு குழைத்தான். மணலைக் கழுவ வேண்டாமா என்று கேட்டவனிடம், கடல் தினமும் கழுவுகிற மணல்தானே என்று பல்லைக் காட்டினானாம். உப்பு உள்ளே இருந்த கம்பியைத் தின்றது. துருவேறிய கம்பி வீங்கிக் கொங்கிறீட்டைப் பிளந்தது. இரண்டாவது வீடு மீள்குடியேற்றத்தின்போது வந்தது. நாடா வெட்டி, படம் பிடித்து, பலூன் பறக்கவிட்டுத் திறந்த வீடு, முதல் மாரியிலேயே முன்பக்கக் கூரைவளை வெடித்துத் தொங்கியது. அன்றைக்கு வேலியோரம் நின்ற அவளுடைய தங்கை நிரோஜினி, நாலு பேர் கேட்கத்தக்கதாக, அக்காவின் வீடு பப்படம் என்று சொல்லிச் சிரித்தாள். ஊரும் சேர்ந்து சிரித்தது. அந்த ஒரு சொல்லுக்காகப் பாக்கியரத்தினம் தங்கையோடு கதைப்பதையே விட்டாள். பக்கத்து வளவில் இருந்துகொண்டு, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு, வருடக்கணக்காக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. நல்லது கெட்டதுக்கும் போகவில்லை. ஊருக்கும் அவள் தண்டனை கொடுத்தாள். றோட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை அவளுடைய வளவுக்குள்ளால்தான் போனது. அதை முள்ளுக்கம்பி அடித்து மறித்தாள். மீன்கூடை சுமக்கும் பெண்கள் அவளைத் திட்டிக்கொண்டு பனங்காட்டைச் சுற்றிப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் படலையைத் திறந்து உள்ளே வர ஒரு நாதியும் இருக்கவில்லை. வராவிட்டால் தேவாங்குகளுக்குத்தான் நட்டம் என்று அவளும் மூக்கை உயர்த்திக்கொண்டு கருவாடு காயப்போட்டாள்.

மூன்றாவது வீடு, வேறொருவரும் வேண்டாம் என்றதால் அவளுக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பிக்கும் கிண்ணியாப் பொடியன் றுவைஸ் ஒரு புதுக் கலவையோடு ஊருக்கு வந்தான். மேற்குக் கரையில் நிலக்கரி எரிக்கிற இடத்தில் மலைமலையாகக் குவிகிற சாம்பலைச் சீமெந்தில் பாதிக்குப் பதிலாகப் போடுவது. கரையில் அறுந்து கிடக்கும் நைலோன் வலைகளை விரல் நீளத்துக்கு வெட்டி அதற்குள் கலப்பது. சாம்பல் உப்பை உள்ளே விடாது, நார் வெடிப்பை விரியவிடாது, குப்பையும் குறையும், வீடு பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும் என்று மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினான். சனம் கொட்டாவி விட்டது. சாம்பலில் சட்டி மினுக்கலாம், வீடு கட்டலாமோ என்று ஒருவர் கேட்டார். அறுந்த வலை மீனையே பிடிக்கவில்லை, சுவரையா பிடிக்கப் போகிறது என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்து முடிந்ததும் பாக்கியரத்தினம் எழும்பி, எனக்குக் கட்டு தம்பி என்றாள். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், கீர்த்தனி. தகப்பன் இல்லாத பிள்ளை, மூதூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடுதான் சீதனம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பான். உதிர்ந்து கொட்டுகிற ஒன்றை மகளுக்குக் கொடுத்து இன்னொருமுறை ஊர் சிரிக்க அவள் விடமாட்டாள். உலகம் அழிந்தாலும் நிற்கிற வீடு ஒன்று கீர்த்தனிக்கு வேண்டும், அதை ஊர் பார்த்து வயிறெரிய வேண்டும். இரண்டில் எது அவளுக்குப் பெரிது என்று கேட்டால் அவளுக்கே தெரிந்திராது.

வீடு வார்த்தபோது, வழமைபோல அதே கலவையில் சிறு கட்டிகள் ஊற்றி, இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். கட்டி பிஸ்கட் மாதிரி உடைந்தது. பார்க்க வந்த அதிகாரிகள் முகத்தைச் சுளித்து, நாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள். அப்போது அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சாம்பல் கலந்தது ஆறுதலாகத்தான் இறுகும், பொறுத்துப் பாருங்கள் என்று றுவைஸ் கெஞ்சினான். மூன்று மாதம் கழித்து மிஞ்சிய கட்டியை வைத்தபோது கட்டி உடையவில்லை, இயந்திரம் உடைந்தது. அதற்குப் பிறகு அதே அதிகாரிகள், நாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள். றுவைஸ் போகும்போது பாக்கியரத்தினத்திடம், “அக்கா, சுவரை நனைச்சிட்டே இருங்க, ஒரு நாளும் காய விடாதீங்க” என்றான். எதுவரை என்று சொல்ல மறந்துபோனான். புத்தகத்தில் உள்ளதெல்லாம் தலையில் வைத்திருப்பவனுக்கு சொல்ல வேண்டியது வாய்க்கு வருவதில்லை. புது வார்ப்புக்குக் கொஞ்ச நாள் தண்ணீர் ஊற்றினால் போதும் என்பது இலங்கைத்துறையில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் அவள் பாக்கியரத்தினமா? காலையும் மாலையும் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து நாலு வருடம் சுவருக்கு ஊற்றினாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

வீடு அதைக் குடித்துக் குடித்து இறுகியது. படியோரம் விழுந்த ஒரு மயிர் வெடிப்பு ஒரு கிழமையில் தானாகவே வெள்ளையாய்ப் பொருந்திக்கொண்டது. றுவைஸ் ஓடிவந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வெடிப்புகளைத் தானே ஆற்றிக்கொள்கிற கொங்கிறீட் என்று துள்ளினான். அந்த வெடிப்பைப் படம் பிடித்துக்கொண்டுபோய் மூன்று நாடுகளில் பேசினான், ஒரு வெள்ளிக் கேடயமும் வாங்கினான். அவன் விமானத்தில் பறந்துகொண்டிருந்த நாட்களில் வீடு தன் வேலையைப் பார்த்தது. கலண்டர் மாட்டிய ஆணியைத் தள்ளி விழுத்தி ஓட்டையை மூடியது. வயர் போட விட்டிருந்த துளைகளை மூடியது. பிறகு யன்னல். பிறகு வாசல். சுவருக்கு ஒரு வெடிப்பும் ஒரு வாசலும் வேறுவேறு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விசயம் விளங்கிய அன்றே பாக்கியரத்தினம் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். பயனில்லை, கடற்காற்றின் ஈரமே அதற்குப் போதுமாக இருந்தது.

இந்த நிலையில்தான் கீர்த்தனிக்கு லிங்கநகரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சசிகரன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன், மெலிந்த, கதை குறைந்த பொடியன். அவனுடைய தகப்பன் கனகசுந்தரம் இளைப்பாறிய ஓவசியர். கட்டிடம் என்று பெயர் உள்ள எதைக் கண்டாலும் சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற மனிதர். சித்திரை பிறந்த கையோடு வீடு பார்க்க வந்தார்கள். அதற்குள் வாசல் பாக்கியரத்தினத்தின் உடம்பளவுக்கு வந்திருந்தது. சசிகரன் உள்ளே போய்விட்டான். கனகசுந்தரத்தின் வயிறு போகவில்லை. பின்பக்கக் குசினி வாசலும் அதே அளவுதான். முன்னால் முயன்றார், பக்கவாட்டில் முயன்றார், மூச்சை உள்ளே இழுத்து முயன்றார். கடைசியில் வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு உட்கார்ந்து, சாவியால் வெளிச்சுவரைத் தட்டி, இந்த மாதிரிச் சுவர் ஒல்லாந்தன் கோட்டைக்கும் இல்லை என்று மெச்சிவிட்டு, தன் தீர்ப்பைச் சொன்னார். வீடு நல்ல வீடு, பெண்ணும் நல்ல பெண், ஆனால் சம்பந்தி போகமுடியாத வாசலுக்குள் மகனை அனுப்ப அவர் தயாரில்லை. ஆவணிக்குள் வாசல் சரிவந்தால் கலியாணம். வராவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள். உள்ளே குசினியில் கீர்த்தனி கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டிருந்த சசிகரனுக்கு வாசலைப்பற்றி ஒரு கவலையும் இருக்கவில்லை. லிங்கநகரில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கலாமே என்று அவள் பிறகு தாயிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். மற்றவன் வீட்டுக் குசினியில் நின்று சமைக்கவா நான் உன்னைப் பெத்தனான் என்று பாக்கியரத்தினம் பொரிந்து தள்ளினாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மேசன் வந்தான், உளி மழுங்கியது. கிண்ணியாவிலிருந்து இயந்திரம் கொண்டுவந்து குடைந்தார்கள். உடைத்த அளவு மறுநாள் வளர்ந்துவிட்டது, கூலிதான் போனது. பாக்கியரத்தினம் கண்ட கண்ட கந்தோருக்கெல்லாம் முறைப்பாடு எழுதினாள். ஒருநாள் வாகனங்களில் ஒரு குழு வந்து இறங்கியது. ஒல்லியானவர்களைத் தேர்ந்து உள்ளே அனுப்பி, நாடாவால் அளந்து, படம் பிடித்து, அவள் பொரித்த மீனை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே முழுவதும் தின்றுவிட்டுப் போனார்கள். தர விதிகளில் வெடிப்பு விரிவதற்கு அளவு உண்டு, வாசல் ஒடுங்குவதற்கு இல்லை. ஆகவே வாசல் ஒடுங்கவில்லை என்பது அவர்களின் முடிவு. இந்தப் பதில் வருவதற்கு முன்பே அவளுக்கு வேறொரு பதில் கிடைத்திருந்தது. குழு வந்துபோன மறுநாள் காலையில் வாசல் ஒரு சாண் அகன்றிருந்தது. அவள் நாடாவை நம்பவில்லை. கையால் அளந்தாள், கருவாட்டுப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஆள் நடக்கிற இடத்தை வீடு விட்டுவைக்கிறது. நடக்காத இடத்தைக் காயம் என்று நினைத்து ஆற்றிவிடுகிறது. விளங்கியதும் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருடம் ஆளை வரவிடாமல் மறித்தவள் அவள்தான், வீடு அதைப் பார்த்துத்தான் பழகியிருக்கிறது. அப்படி நினைத்தபோது அவளுக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தையும் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

முதலில் தன் காலால் பார்த்தாள். விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை உள்ளே வெளியே என்று நடந்தாள். வாசல் அவள் ஒருத்தியின் அளவில் நின்றதே தவிர ஒரு நூல் அகலவில்லை. ஆடுகளைக் கலைத்து விட்டாள். வீடு ஆட்டை ஆளாக எண்ணவில்லை. பிறகு அரசாங்கத்தையே நடக்க வைப்பது என்று முடிவெடுத்தாள். கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது, வளவுக்குள் பழைய குண்டு கிடக்கிறது, நுளம்பு பெருத்துவிட்டது, வேலி எல்லை தவறு என்று திகதிக்கு ஒரு முறைப்பாடு போட்டாள். வந்தார்கள். குண்டு தேடியவர்கள் பூட்ஸ் காலோடு பலமுறை போய்வந்தார்கள், வாசலுக்கு அது நல்ல சாப்பாடு. ஒவ்வொருவரையும் குசினிவரை நடத்தி, மறந்ததுபோலத் திரும்பக் கூப்பிட்டு, அவள் வேலை வாங்கினாள். ஆனால் ஆனியில் வாகனங்களுக்கு டீசல் ஒதுக்கீடு முடிந்துபோனது. சிலர் இடமாற்றமாகிப் போனார்கள். மிச்சப் பேர் பாக்கியரத்தினம் என்ற பெயரைக் கண்டதும் கடிதத்தைக் கதிரைக்குக் கீழ் போட்டார்கள். ஆடி பிறந்தபோது வாசல் மறுபடியும் இறுகியது. ஒரு காலையில் வேலைக்குப் புறப்பட்ட கீர்த்தனியின் தோள் சுவரில் உரசித் தோல் போனது. அவள் சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பாக்கியரத்தினத்துக்கு, ஊர் சிரித்தபோதுகூட வராத கண்ணீர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலியடிக்குப் போனாள். அந்தப் பக்கம் நிரோஜினி சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.

“நிரோஜினி.”

நிரோஜினி தலை நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றது. “ஆர் கூப்பிடுறது?”

“வாசல் ஒடுங்குது. ஆக்கள் போய்வந்தாத்தான் திறந்து நிக்கும்.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“நீ போய் வா. மற்றதுகளையும் வரச் சொல்லு. கம்பியை வெட்டி விடுறன், கடற்கரைக்கு உள்ளுக்குள்ளாலயே போகட்டும்.”

நிரோஜினி மீன் செதிலைக் கையிலிருந்து வழித்தாள். “அண்டைக்குச் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டன்.”

“ஆர் கேக்கச் சொன்னது? நடக்கத்தான் சொன்னனான்.”

மறுநாள் காலையில் நிரோஜினி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்வாசலால் வந்து, தமக்கையை ஏறெடுத்தும் பாராமல், குசினி வாசலால் கடற்கரைக்கு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். வெள்ளிக்கிழமைக்குள் பாதி ஊர் அந்த வழிக்கு வந்துவிட்டது. இரக்கத்தால் அல்ல, பனங்காட்டைச் சுற்ற எவருக்குத்தான் ஆசை? மீன்கூடை, வலை, எண்ணெய்க் கலன், சைக்கிள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், ஒருமுறை படகின் வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று நாலு பேரின் தோளில். மீன் தண்ணீர் நிலமெல்லாம் ஒழுகியது. கொட்டாதே, உரசாதே, அலுமாரியில் சாயாதே என்று பாக்கியரத்தினம் தொண்டை கிழியக் கத்தினாள். சமையல் சட்டியை எட்டிப் பார்த்து, உப்புக் கூடிப்போச்சு போல என்று சொல்லிவிட்டுப் போனார்கள் அவர்கள். அவள் அவர்களை வெறுத்தாள், அவர்கள் அவளை வெறுத்தார்கள், வாசல் நாளுக்கு நாள் அகன்றது. ஆவணியில் கனகசுந்தரம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே நடந்துவந்து, சாவியால் நாலு சுவரையும் தட்டி, உதட்டைப் பிதுக்கத் தோதான குறை ஒன்றும் இல்லாமல் திணறினார். கலியாணப் பந்திக்கு நடுவிலும் மூன்று பெண்கள் மீன்கூடையோடு குறுக்கே போனார்கள்; மணவறையிலிருந்த சசிகரன் அவர்களுக்குக் காலை மடக்கி வழி விட்டான். வீடு கீர்த்தனியின் பெயரில் எழுதப்பட்டது. றுவைஸ் கலியாணத்துக்கு வந்து, வாசலின் அகலத்தை அளந்து, சாப்பிடாமலே போய் அதைப்பற்றி எழுதினான். அக்காவும் தங்கையும் மட்டும் அதற்குப் பிறகும் கதைத்துக்கொள்ளவில்லை. நடப்பது வேறு, கதைப்பது வேறு என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள்.

கார்த்திகையில் புயல் வந்தது. கீர்த்தனியும் சசிகரனும் லிங்கநகருக்குப் போயிருந்தார்கள். பாலங்களின்மேல் வெள்ளம் பாய்ந்ததால் திரும்பி வர ஏலாமல் அங்கேயே மறிபட்டார்கள். படகுகளை எல்லாம் மேட்டுக்கு இழுத்துக் கட்டியாயிற்று. கடல் தென்னைகளின் அடிவரை ஏறி நின்றது. கடற்கரைக்குப் போக ஒருவருக்கும் ஒரு அலுவலும் இல்லை, ஆகவே பாக்கியரத்தினத்தின் வீட்டுக்குள்ளால் ஒருவரும் போகவில்லை. மழையைக் குடித்த சுவர்கள் முன்னெப்போதையும்விட வேகமாக இறுகின. முதல் நாள் அவளே உள்ளும் வெளியும் நடந்தாள். இரண்டாம் நாள் காய்ச்சல் அவளைப் பாயில் போட்டது. படுத்தபடி வாசலைப் பார்த்தாள். வெளிச்சம் கதவளவிலிருந்து பலகையளவுக்கு வந்துகொண்டிருந்தது. எழும்பி வெளியே போய்விடலாம். போனால் வீடு முட்டை மாதிரி மூடிக்கொள்ளும். பிள்ளை வந்து எதைத் திறப்பாள்? வேலிக்கு அப்பால் ஒரு சத்தம் போட்டால் நிரோஜினிக்குக் கேட்கும். அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அந்த வாய் ஊரையே ஏசி ஓய்ந்த வாய். உதவி என்று ஒரு சொல்லைச் சொல்லி அதற்குப் பழக்கமில்லை.

பகல் சாய்கிற நேரம் வாசலில் வெளிச்சம் மறைந்தது. தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, நெஞ்சு உரச, பக்கவாட்டில் ஒடுங்கி ஒடுங்கி நிரோஜினி உள்ளே வந்தாள்.

“எங்க போறாய்?” என்று பாயிலிருந்து கேட்டாள் பாக்கியரத்தினம்.

“கடற்கரைக்கு.”

குசினி வாசலால் வெளியே போனாள். கடற்கரை என்று ஒன்று அன்றைக்கு இருக்கவில்லை. கொஞ்ச நேரம் மழையில் நின்றிருப்பாள். பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து மறுபடி முன்வாசலால் நுழைந்தாள். கூடையை மறந்துவிட்டேன் என்றாள். கூடையோடு போனாள். சுற்றி வந்தாள். கத்தியை மறந்துவிட்டாள். பிறகு குடையை, பிறகு கயிறை. கடைசியில் மறப்பதற்குப் பொருள் இல்லாமல் போகவே, ஒன்றும் சொல்லாமலே போய்வந்தாள். அவளுடைய நனைந்த காலடியில் நிலம் குளமாகியது. பாக்கியரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், ஏசவில்லை. ஒருமுறை வந்தபோது நிரோஜினியின் கையில் மூடி போட்ட கோப்பை ஒன்று இருந்தது. மல்லித் தண்ணீர். பாயருகே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எழும்பிக் குடியுங்கோ அக்கா, ஆறிப்போகும்.”

பாக்கியரத்தினம் எழும்பிக் குடித்தாள். சீனி காணாது என்றாள். நிரோஜினி சீனி எடுத்துவரப் போனாள்.

மழை விட்டு, பாலத்தில் தண்ணீர் வற்றி, கீர்த்தனியும் சசிகரனும் வந்து சேர்ந்தபோது இரண்டு வாசலும் திறந்தே இருந்தன. நிரோஜினி மழைக்குள் தடவித் தடவி நடந்த பக்கச் சுவரிலும், அவளுடைய வளவைப் பார்த்தபடி, ஓர் ஆள் போகும் அகலத்தில் புதிதாக ஒரு வாசல் விழுந்திருந்தது. வீட்டின் எந்த வரைபடத்திலும் அப்படி ஒரு வாசல் இருக்கவில்லை. உளி பட்ட அடையாளமும் இல்லை. ஓரத்தில் வெட்டிய வலை நார்கள் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றன. வாடைக்காற்று நேரே உள்ளே வருகிறது என்று பாக்கியரத்தினம் இரண்டு நாள் ஏசினாள். மூன்றாம் நாள் பழைய சேலை ஒன்றைக் கிழித்து அதற்குத் திரை போட்டாள்.